உங்களுக்குத் தெரியுமா? பரணில் கிடக்கும் கார்டுக் கட்டு

தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் பழைய பஞ்சாங்கம், பத்திர நகல், ஜாதகக் குறிப்பு எல்லாவற்றுக்கும் அடியில் சணல் கயிற்றால் கட்டிய ஒரு கட்டு கிடக்கும். பழுப்பேறிய தபால் கார்டுகள். பழைய பேப்பர்காரரின் தராசில் போட்டால் அரைக் கிலோ தேறாது. குடும்பக் கதையைத் தேடுகிறவருக்கு அதைவிடக் கனமான பொருள் அந்த வீட்டில் வேறு இல்லை. கட்டை அவிழ்க்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய சில சங்கதிகள் இதோ.

கார்டு பிறந்த கதை

உலகின் முதல் அதிகாரபூர்வத் தபால் கார்டு 1869 அக்டோபர் 1 அன்று ஆஸ்திரிய–ஹங்கேரியப் பேரரசில் வெளிவந்தது. நாலு வரி சேதிக்கு உறையும் தாளும் முழுத் தபால் கட்டணமும் வீண் என்று அந்த ஆண்டு ஜனவரியில் ஒரு வியன்னா நாளிதழில் எழுதியவர் எமானுவேல் ஹெர்மன் என்ற பொருளாதாரப் பேராசிரியர். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே பிரஷ்யத் தபால் அதிகாரி ஹைன்ரிஷ் ஃபான் ஷ்டெஃபான் இதே யோசனையைச் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. ஆஸ்திரியாவில் விற்பனைக்கு வந்த மூன்றே மாதத்தில் ஏறத்தாழ 30 லட்சம் கார்டுகள் தீர்ந்தன. அடுத்த ஆண்டு அதே அக்டோபர் 1இல் பிரிட்டனும் கார்டு விற்கத் தொடங்கியது.

ஒரு ரூபாய்க்கு 64

இந்தியாவுக்குக் கார்டு வந்தது 1879 ஜூலை 1. விலை காலணா. ஒரு ரூபாய்க்கு 64 கார்டுகள்! விக்டோரியா மகாராணியின் தலையோடு லண்டனில் டி லா ரூ நிறுவனம் அச்சிட்ட அந்த மங்கிய மஞ்சள் அட்டையின் மேல் ‘ஈஸ்ட் இந்தியா போஸ்ட் கார்டு’ என்று இருக்கும். அந்த நான்கு சொற்களும் உங்கள் கட்டில் எங்காவது தென்பட்டால், கையில் இருப்பது 19ஆம் நூற்றாண்டில் அச்சான அட்டை.

தனக்குத் தானே போட்டவர்

இன்றிருப்பவற்றுள் மிகப் பழைய படக் கார்டு என்று கருதப்படுவது 1840இல் லண்டனில் தபாலில் போனது. கையால் வரைந்த கேலிப்படம். ‘பென்னி பிளாக்’ தபால்தலை. அனுப்பியவர் தியடோர் ஹூக் என்ற நகைச்சுவை எழுத்தாளர். பெற்றுக்கொண்டவரும் அவரே! 2002இல் அது 31,750 பவுண்டுக்கு ஏலம் போனது.

நடுவில் ஏன் ஓட்டை?

கார்டின் நடுவே ஒரு துளை இருக்கிறதா? பூச்சியின் மேல் பழி போட வேண்டாம். படித்து முடித்த கடிதத்தைக் கூடத்தில் தொங்கும் கம்பியில் குத்தி வைப்பது அன்றைய வழக்கம். அடியில் ஒரு வில்லை, மேலே ஒரு கொக்கி. நடுவில் வருஷக்கணக்கான சேதி. கீழே கிடப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. தேதி அழிந்துபோன கார்டுக்கு அதன் மேலும் கீழும் உள்ள கார்டுகள் தேதி சொல்லிவிடும். எனவே ‘ஆள்வாரியாகப் பிரித்து அடுக்கலாம்’ என்று உடனே இறங்கிவிடாதீர்கள். முதலில் இருக்கிற வரிசையிலேயே ஒவ்வொரு கார்டின் மூலையிலும் மெல்லிய பென்சிலால் எண் போடுங்கள். அதற்குப் பிறகு எப்படி வேண்டுமானாலும் பிரிக்கலாம். பழைய வரிசைக்குத் திரும்ப வழி இருக்கும்.

ராஜா தலை சொல்லும் காலம்

தேதியே இல்லாத கார்டா? தலையைப் பாருங்கள். விக்டோரியா 1901 வரை. தாடி வைத்த, வழுக்கை விழுந்த ஏழாம் எட்வர்டு 1901 முதல் 1910 வரை. தாடியோடு கிரீடமும் வைத்த ஐந்தாம் ஜார்ஜ் 1910 முதல் 1936 வரை. மழித்த முகத்தோடு இருந்தால் அதற்குப் பின் வந்த ஆறாம் ஜார்ஜ். 1949 டிசம்பரில் திரிமூர்த்திச் சிலை பொறித்த கார்டு வந்தது.

ஒரு எச்சரிக்கை: பெட்டியில் மிச்சமிருந்த பழைய கார்டை ராஜா மாறிய பிறகும் சிக்கனக்காரர்கள் எழுதித் தீர்ப்பார்கள். எனவே தலை சொல்வது ‘இதற்கு முன்னால் இல்லை’ என்பதை மட்டும்தான்.

விலையும் ஒரு தேதிதான்

காலணா விலை 40 ஆண்டுகளுக்கு மேல் அசையவில்லை. 1922இல் அரையணா ஆனது. 1957 ஏப்ரல் 1 அன்று அணா போய் ‘நயா பைசா’ வந்ததும் கார்டின் விலையும் பைசாக் கணக்குக்கு மாறியது. புலிப்படம் போட்ட 15 பைசா கார்டு பலருக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கும். பிறகு 25 பைசா, அப்புறம் 50 பைசா. பழைய கார்டின் மேல் கூடுதலாகத் தபால்தலை ஒட்டியிருந்தால், விலை ஏறிய பிறகு பழைய சரக்கை எழுதியிருக்கிறார்கள் என்று பொருள்.

அறுபதில் ஒன்று

‘சர்வஜித்து வருஷம் ஆடி மாதம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் திகைக்க வேண்டாம். தமிழ் வருஷப் பெயர்கள் 60. ஒரு சுற்று முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வரும். பிரபவ வருஷம் 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் தொடங்கியது. அங்கிருந்து விரல்விட்டு எண்ணினால் சர்வஜித்து 21ஆவது. அதாவது 1887 அல்லது 1947. கார்டில் ஆறாம் ஜார்ஜின் தலை இருந்தால் சந்தேகமே இல்லை. நாடு விடுதலை பெற்ற அந்த ஆடி மாதம்தான். ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று பாட்டிகள் சொல்வது 1876. அடுத்த தாது 1936. மார்கழியின் பிற்பாதிக்கும் தை, மாசி, பங்குனி மாதங்களுக்கும் மட்டும் ஆங்கில ஆண்டில் ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். சர்வஜித்து வருஷத்துத் தை, 1948 ஜனவரி அல்லவா!

கொம்பும் சுழியும்

பெரியவர்கள் எழுதிய கார்டில் தேதிக்குப் பக்கத்தில் புரியாத சுழிகள் இருக்கும். ௵ என்றால் வருஷம், ௴ என்றால் மாதம், ௳ என்றால் நாள். ௸ என்பது ‘மேற்படி’; ஒரு முறை பெயரைச் சொன்ன பிறகு அதே ஆளையோ ஊரையோ குறிக்க இது போதும். எண்களும் ௧, ௨, ௩ என்று தமிழில் இருக்கலாம். ஆனால் கார்டின் உச்சியில் தனியாக நிற்கும் ‘உ’வை ‘௨’ என்று படித்து இரண்டாம் பக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். அது பிள்ளையார் சுழி!

உச்சியில் இருப்பது என்ன?

பிள்ளையார் சுழி இருக்கும் இடத்தில் சில வீட்டுக் கார்டுகளில் 786 இருக்கும். சிலவற்றில் சிறு சிலுவையோ ‘இயேசு மரி சூசை’ என்ற வரியோ இருக்கும். ஒரே வீட்டின் கார்டுகளில் இந்த உச்சி அடையாளம் ஒரு கட்டத்தில் காணாமலும் போகலாம். ‘ஸ்ரீ’ போய் ‘திரு’ வருவதையும், ‘நமஸ்காரம்’ போய் ‘வணக்கம்’ வருவதையும் கவனியுங்கள். அப்பா ‘ஸ்ரீமான்’ என்று எழுதிய அதே முகவரிக்கு மகன் ‘திருவாளர்’ என்று எழுதியிருப்பார். சுயமரியாதைக் காற்றும் தனித்தமிழ்க் காற்றும் எந்த ஆண்டில் உங்கள் வீட்டு வாசலுக்குள் வீசின என்று கார்டின் முதல் வரியே காட்டிவிடும்.

எல்லோரும் மகாராஜாக்கள்

முகவரியில் பெயருக்கு முன்னால் ‘ம-ள-ள-ஸ்ரீ’ என்றிருந்தால் அது பெயரின் முதலெழுத்து இல்லை. ‘மகாராஜராஜஸ்ரீ’ என்பதன் சுருக்கம். ஆங்கிலத்தில் முகவரி எழுதியவர்கள் அதையே ‘எம்.ஆர்.ஆர்ஒய்.’ என்று போட்டார்கள். பெயருக்குப் பின்னால் வரும் சிறு சுருக்கம் ‘அவர்கள்’. மூன்று ஏக்கர் நஞ்சை வைத்திருந்தவரும் தபாலில் மகாராஜராஜர்தான். இதை அறியாமல் வம்சாவளி எழுதியவர்கள் தாத்தாவுக்கு இல்லாத இனிஷியலைச் சூட்டியதும் உண்டு.

மாமா என்றால் யார்?

‘அன்புள்ள மாமா’ என்று தொடங்கும் கார்டு எளிதாகத் தோன்றும். குடும்ப மரம் வரைகிறவருக்குத் தலைவலி அங்கேதான் ஆரம்பம். அவர் அம்மாவின் தம்பியாக இருக்கலாம், அத்தையின் கணவராக இருக்கலாம், மாமனாராகவும் இருக்கலாம். பெண் கொடுத்துப் பெண் எடுத்து, மாமன் மகளையே கட்டிய குடும்பங்களில் ஒரே ஆள் இந்த மூன்றாகவும் இருப்பார். வரைந்து பார்த்தால் மரத்தின் கிளைகள் பாய் முடைந்த மாதிரி ஆகிவிடும்.

எனவே விளிக்கும் சொல்லோடு நிற்காமல் கையொப்பத்தையும் முகவரியையும் சேர்த்துப் பாருங்கள். அத்தான், அம்மாஞ்சி, கொழுந்தன், சகலை, சம்பந்தி போன்றவை ஓரளவு துல்லியமானவை. ‘சகலை’ என்ற ஒரே சொல், பாட்டிக்கு ஒரு சகோதரி இருந்தாள் என்று சொல்லிவிடும். அவள் பெயர் எந்தக் கார்டிலும் இல்லாமல் போனாலும்!

‘சி.’யும் ‘சௌ.’வும்

பெயருக்கு முன் ‘சி.’ என்றால் சிரஞ்சீவி: எழுதியவரைவிட வயதில் இளையவர். ‘சௌ.’ என்றால் சௌபாக்கியவதி: மணமாகிக் கணவரோடு வாழ்பவர். ஒரு பெண்ணின் பெயருக்கு முன் ஆண்டுக்கணக்கில் இருந்த ‘சௌ.’ திடீரென்று நின்றுபோனால், அந்த இரண்டு கார்டுகளுக்கு நடுவே ஒரு துக்கம் நடந்திருக்கலாம். ஒற்றை எழுத்தில் ஒரு வாழ்க்கையின் திருப்பம்.

சாவு மட்டும் கட்டில் இல்லை

நல்ல சேதி சுமந்த கார்டின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கும். கல்யாணம், காதுகுத்து, பிள்ளைப்பேறு. துக்கச் சேதி என்றால் ஓரத்தில் கறுப்பு. அந்தக் கறுப்புக் கார்டை வாசலிலேயே நின்று படித்து, வீட்டுக்குள் கொண்டுவராமல் கிழித்துப் போட்டுவிடுவது பல குடும்பங்களில் வழக்கம்.

இதனால் ஒரு விசித்திரம் நேர்கிறது. உங்கள் கட்டில் பிறப்புகள் இருக்கும், கல்யாணங்கள் இருக்கும். சாவு ஒன்றுகூட இருக்காது. ஒருவர் கார்டு எழுதுவார், எழுதுவார், ஒரு நாளிலிருந்து எழுதமாட்டார். அவ்வளவுதான். யார் எப்போது போனார் என்று அறிய, அவரிடமிருந்து வந்த கடைசிக் கார்டின் தேதியைக் குறித்துக்கொண்டு, பிறகு வந்த கார்டுகளில் திவசம், வருஷாப்திகம், கருமாதி என்ற சொற்களைத் தேட வேண்டும்.

‘நிற்க’வுக்குப் பிறகு

இவ்விடம் எல்லோரும் நலம், அவ்விடம் நலமறிய ஆவல். கார்டின் மூன்றில் ஒரு பங்கை இந்த வாய்பாடே சாப்பிட்டுவிடும். அதற்கு அடுத்து ‘நிற்க’ என்று ஒரு சொல் வரும். சொல்ல வந்த சங்கதி அதற்குப் பிறகுதான். அவசரமாக ஒரு கட்டைப் பார்க்க வேண்டும் என்றால் ‘நிற்க’விலிருந்து படியுங்கள்: நெல் மூட்டை விலை, பசு ஈன்றது, பெண் பார்க்க வந்தவர்கள் சொன்னது, கோர்ட்டில் வாய்தா போட்ட தேதி. ஓரத்தில் தலைகீழாக நெருக்கி எழுதிய வரியை விட்டுவிடாதீர்கள். அம்மா விசாரிக்கச் சொன்னாள், தங்கை ரவிக்கைத் துணி கேட்டாள் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். பேனா பிடிக்காதவர்கள் பேசிய இடம் அந்த ஓரம்.

எழுதிய கை யாருடையது?

கையொப்பம் ஒருவருடையது, கையெழுத்து வேறொருவருடையது என்பது அன்று சர்வசாதாரணம். எழுதத் தெரியாதவர்கள் பள்ளிக்கூட வாத்தியாரிடமோ, தபால்காரரிடமோ, தபாலாபீஸ் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரிடமோ சொல்லி எழுதுவித்தார்கள். ஒரே ஊரிலிருந்து வந்த வெவ்வேறு பேரின் கார்டுகள் ஒரே கையெழுத்தில் இருந்தால் குழம்ப வேண்டாம். அந்த ஊருக்கு எழுதத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார் என்று புரிந்துகொள்ளுங்கள். சேதி தமிழிலும் முகவரி ஆங்கிலத்திலும் இருந்தால் இரண்டு பேர் கை பட்டிருக்க வாய்ப்புண்டு.

ஊரே படிக்கும் கடிதம்

கார்டுக்கு மூடி கிடையாது. தபால்காரர் படிப்பார், எதிர்வீட்டுக்காரர் படிப்பார். அதனால் பணம், பிணக்கு, நோய் எல்லாம் பூடகமாகவே வரும். ‘நான் சொன்ன விஷயம்’, ‘அந்தக் காரியம்’, ‘மற்றவை நேரில்’ என்ற சொற்களைக் கண்டால் அங்கே ஒரு கதை புதைந்திருக்கிறது. 1950 அக்டோபர் 2இல் இன்லேண்டு லெட்டர் வந்தது. மடித்து ஒட்டும் வசதி கிடைத்தது. கட்டில் இன்லேண்டும் இருந்தால், எதைத் திறந்த கார்டில் எழுதினார்கள், எதை மடித்து ஒட்டினார்கள் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். குடும்பம் எதற்குக் கூச்சப்பட்டது என்று தெரிந்துவிடும்.

இரண்டு முத்திரை

பழைய கார்டில் பெரும்பாலும் இரண்டு தபால் முத்திரைகள் இருக்கும். ஒன்று புறப்பட்ட ஊருடையது, மற்றது வந்து சேர்ந்த ஊருடையது. இரண்டு தேதிகளையும் கழித்துப் பார்த்தால் சேதி எத்தனை நாள் நடந்தது என்று தெரியும். ‘ஆர்.எம்.எஸ்.’ என்றிருந்தால் ரயில் தபால் பிரிவின் கை பட்டிருக்கிறது. ஊர்ப் பெயர்கள் டாஞ்சூர், டிரிச்சினாபொலி, நெகபடாம், டூட்டிகாரின் என்று ஆங்கில வாயில் நுழைந்த கோலத்தில் இருக்கும். தபால்தலை சேர்க்கும் பேரப்பிள்ளை மூலையை வெட்டி எடுத்திருந்தால்? தலையோடு தேதியும் ஊரும் போயிற்று.

மதராஸ்–17

ஆறு இலக்கப் பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. அதை வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலன்கர். மத்திய அரசு அதிகாரி, சமஸ்கிருதக் கவிஞரும்கூட. அதற்கு முன் பெருநகர்களில் வட்ட எண் மட்டும்தான். ‘மதராஸ்–4’ என்றால் மயிலாப்பூர், ‘5’ என்றால் திருவல்லிக்கேணி, ‘17’ என்றால் தியாகராய நகர். இன்றைய 600004, 600005, 600017 ஆகியவற்றின் வாலில் அந்தப் பழைய எண் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது!

மாறிய பெயர், மாறாத வீடு

‘மதராஸ் ஸ்டேட்’ 1969 ஜனவரி 14இல் தமிழ்நாடு ஆனது. மதராஸ் 1996இல் அதிகாரபூர்வமாகச் சென்னை ஆனது. ராமநாதபுரம் 1985இலும், தஞ்சாவூர் 1991இலும், தென்னாற்காடு 1993இலும் பிரிந்தன. அதனால் ‘தென்னாற்காடு ஜில்லா’ என்று முகவரி போட்ட வீடு இன்று கடலூர் மாவட்டத்திலோ விழுப்புரம் பக்கமோ இருக்கும். ஆவணம் தேடிப் போகும்போது எந்த அலுவலகக் கதவைத் தட்டுவது என்று இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நாஞ்சில் நாட்டுக் குடும்பமா? அப்படியானால் ‘அஞ்சல்’ கார்டு கிடைக்கலாம். திருவிதாங்கூர் சமஸ்தானம் தனக்கென்று ‘அஞ்சல்’ என்ற பெயரில் தபால் துறை நடத்தியது. 1951இல்தான் அது இந்தியத் தபாலோடு சேர்ந்தது. காரைக்கால், புதுச்சேரிக் கார்டென்றால் 1954 நவம்பர் வரை பிரெஞ்சு ஆட்சி.

ரங்கூன் கார்டு

பர்மா 1937 ஏப்ரல் 1 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதி. அதனால் அதற்கு முன் ரங்கூனிலிருந்து தேவகோட்டைக்கோ ராமநாதபுரத்துக்கோ வந்த கார்டில் இந்தியத் தபால்தலையே இருக்கும். பிறகு அதே தலைமேல் ‘பர்மா’ என்று அச்சடித்தார்கள். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் மார்ச்சில் ரங்கூனும் ஜப்பானியர் கைக்குப் போயின. பர்மாவிலோ மலாயாவிலோ ஆள் இருந்த குடும்பங்களின் கட்டில் 1942க்கும் 1945க்கும் நடுவே ஒரு வெற்றிடம் இருக்கும். கார்டு தொலைந்துவிட்டதாக எண்ண வேண்டாம். அந்த மௌனமே போரின் சாட்சி. அதற்கு முந்தைய கார்டுகளில் தணிக்கை முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இலங்கையா, சிலோனா?

1972 மே 22இல் சிலோன் என்ற பெயர் இலங்கைக் குடியரசு ஆனது. 1963 செப்டம்பர் 16இல் மலேசியா பிறந்தது. ‘மலாயா’ என்று முகவரி போட்ட கார்டு பெரும்பாலும் அதற்கு முந்தையது. தோட்டத்திலிருந்து வந்த கார்டில் எஸ்டேட் பெயரும் டிவிஷன் பெயரும் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். தோட்டத்துப் பேரேட்டில் தாத்தாவைத் தேட அந்த இரண்டும்தான் சாவி.

லையை வைத்து வயது

லை, ளை, னை, ணை எழுத்துகளுக்கு முன்பு யானைத் துதிக்கைபோல் மேலே வளைந்த கொம்பு உண்டு. ணா, றா, னா மூன்றும் கீழே சுழித்துத் தனி வடிவில் இருக்கும். 1978 அக்டோபரில் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டது. அச்சு மாறியது, கை உடனே மாறவில்லை. 1990இல் எழுதிய கார்டிலும் பழைய ‘லை’ இருந்தால், எழுதியவர் பழைய எழுத்தில் அரிச்சுவடி படித்தவர்.

படம் ஒரு பக்கம், சேதி ஒரு பக்கம்

படக் கார்டுகளுக்கு வேறு கணக்கு. ஆரம்பத்தில் பின்பக்கம் முழுவதும் முகவரிக்கு மட்டும். சேதியைப் படத்தைச் சுற்றி நெருக்க வேண்டும். 1902இல் பிரிட்டன் பின்பக்கத்தை நடுக்கோடு போட்டு இரண்டாகப் பிரித்தது, அமெரிக்காவில் 1907இல். கோடு இல்லாத கார்டு என்றால் பெரும்பாலும் அதற்கு முந்தைய அச்சு. ‘ஜெர்மனியில் அச்சிட்டது’ என்று இருந்தால் பெரும்பாலும் முதல் உலகப் போருக்கு முந்தையது.

மதராஸில் ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடையும், வீலே அண்ட் கிளைன் ஸ்டுடியோவும், கொழும்பில் பிளாட்டே நிறுவனமும் படக் கார்டுகளை வெளியிட்டன. 2018இல் லண்டனில் மதராஸ், பெங்களூர்ப் படக் கார்டுகளுக்கென்றே ஒரு கண்காட்சி நடந்தது. ஆனால் அந்தப் படங்களில் நிற்கும் நம்மவர்களுக்குப் பெயர் கிடையாது. ‘தமிழ்ப் பெண்’, ‘கொழுந்து பறிப்பவர்’, ‘தண்ணீர்க்காரர்’ என்ற அளவோடு சரி. வெள்ளைக்காரர் ஊருக்கு அனுப்பிய படத்தில் யாரோ ஒருவரின் பாட்டி பெயரில்லாமல் நிற்கிறாள்.

போஸ்ட்கார்டு சைஸ் போட்டோ

ஸ்டுடியோவில் எடுத்த குடும்பப் படத்தின் பின்பக்கம் தபால் கார்டுபோல் கோடு போட்டிருக்கிறதா? புகைப்படத் தாளையே கார்டாக விற்ற காலம் அது. கோடக் 1903இல் அந்த அளவுக்கென்றே ஒரு கேமரா வெளியிட்டது. தபால்தலை ஒட்டும் கட்டத்தைச் சுற்றி ‘அஸோ’ என்ற தாளின் பெயரும், நான்கு மூலையிலும் மேல்நோக்கிய முக்கோணங்களும் இருந்தால் அந்தத் தாள் 1904 முதல் 1918 வரை விற்றது.

பயமுறுத்தும் கார்டு

‘இதை இத்தனை பேருக்கு எழுதி அனுப்பினால் நன்மை, கிழித்தால் கேடு’ என்று சாமி பெயரில் வந்த சங்கிலிக் கார்டு எல்லாக் கட்டிலும் ஒன்றிரண்டு இருக்கும். அனுப்புநர் பெயர் இருக்காது. குடும்பச் சரித்திரத்தில் அதற்கு இடமில்லை என்று நினைக்காதீர்கள். கையெழுத்தை மற்றக் கார்டுகளோடு ஒப்பிட்டால் பயந்த சொந்தக்காரர் யார் என்று பிடித்துவிடலாம்!

எப்படிக் காப்பது?

லேமினேஷன் கூடவே கூடாது. போட்டால் எடுக்க முடியாது. செல்லோடேப் சில ஆண்டுகளில் பழுத்துக் கறையாகிவிடும். ரப்பர் பேண்டு இளகி ஒட்டிக்கொள்ளும். பேனா மைக்கு ஈரம் ஆகாது. காப்பியிங் பென்சிலால் எழுதியது ஈரம் பட்டால் ஊதாவாகப் படரும். கை ஈரமில்லாமல் ஓரத்தைப் பிடித்து எடுங்கள். இரண்டு பக்கத்தையும் 600 டி.பி.ஐ. அளவில் ஸ்கேன் செய்யுங்கள்; காலிப் பக்கம் என்று எதையும் தள்ளாதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், கார்டுகளை வீட்டின் மூத்தவர் கையில் கொடுத்து, போனில் பேச்சைப் பதிவு செய்யுங்கள். கார்டு இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கும்.

நம் வீட்டில் நம் குரல் இல்லை

யோசித்துப் பாருங்கள். தாத்தாவின் பெட்டியில் இருப்பதெல்லாம் தாத்தாவுக்கு வந்தவை. அவர் எழுதியவை? எழுதிய நாளே ஊரைவிட்டுப் போய்விட்டன. அவர் கோபம், அவர் கெஞ்சல், அவர் கிண்டல் எல்லாம் வேறு யார் வீட்டுப் பரணிலோ கிடக்கின்றன. புதுமைப்பித்தனின் கடிதங்கள் ‘கண்மணி கமலாவுக்கு’ என்ற நூலாக நம் கைக்கு வந்தது, பெற்றுக்கொண்ட மனைவி கமலா காப்பாற்றி வைத்ததால். கு. அழகிரிசாமியின் கடிதங்கள் பிழைத்தது, கி. ராஜநாராயணன் வைத்திருந்ததால். உ.வே.சா. தமக்கு வந்த கடிதங்களைப் போற்றி வைத்ததால் எத்தனையோ தமிழறிஞர்களின் குரல் நமக்குக் கேட்கிறது.

ஆகவே உங்கள் கட்டில் உள்ள அனுப்புநர் முகவரிகளைப் பட்டியல் போடுங்கள். அந்த வீடுகளில் இன்று யார் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். கையில் அவர்கள் தாத்தா எழுதிய கார்டின் நகலோடு போனால் கதவு சீக்கிரம் திறக்கும். அவர்களுக்கும் தங்கள் தாத்தாவின் குரல் வேண்டுமே!

ஒரே ஒரு விதிவிலக்கு

ரிப்ளை கார்டு என்று ஒன்று உண்டு. இரண்டு கார்டுகள் ஒட்டியே இருக்கும். அனுப்புகிறவர் ஒன்றில் சேதி எழுதி, மற்றதில் தம் முகவரியையும் எழுதி அனுப்பிவிடுவார். பெறுகிறவர் அந்தப் பாதியைக் கிழித்துப் பதில் எழுதிப் பெட்டியில் போட்டால் போதும். காசும் மிச்சம், சாக்கும் சொல்ல முடியாது. கட்டில் ஒரு பக்கம் கிழித்த ஓரத்தோடு ‘ரிப்ளை’ என்று அச்சிட்ட கார்டு அகப்பட்டால், சேதியை அப்புறம் படிக்கலாம். முதலில் திருப்பி முகவரியைப் பாருங்கள். அது உங்கள் தாத்தாவின் கையெழுத்து.